கிற்றாரும் கேள்விச் செல்வமும்

திருவள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவற்றை அடுத்துக் கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கண்ணாற் கற்பது ஒரு வழி, செவியாற் கற்பது மற்றொரு வழி என்பதை இவ்வைப்புமுறையே நமக்கு உணர்த்துகின்றது. நம் கல்லூரிகள் முதலாவது வழியை நன்கு பேணி வந்துள்ளன. நூலகம் உண்டு, வாசிகசாலை உண்டு, படித்ததை எழுதிக் காட்டுதற்குப் பரீட்சைகளும் உண்டு. இரண்டாவது வழிக்கு நாம் செய்திருப்பது யாது? விழா மலரொன்றிற் கடந்தவற்றைப் போற்றுதல் மரபு. செய்யாது விட்டவற்றை நினைவூட்டுதலும் பழைய மாணவரின் கடனே. அக்கடன் குறித்தே இக்கட்டுரை எழுகின்றது.

கல்முனையிலும், மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என அதனை அடுத்துக் கிடக்கும் கடலோர ஊர்களிலும், கிற்றார் இசையில் ஈடுபாடுடைய இளைஞர் சிலரை இன்று காணலாம். மாலையில் ஒன்றுகூடும் வேளையில், "மச்சான், இந்தக் கிழமை என்ன கேட்டாய்?" என்பதே அவர்தம் முதல் வினா. ஒருவன் கைத்தொலைபேசியைத் திறந்து ஒரு றொக் இசைத்தொகுதியைச் சுட்டுவான். மற்றொருவன் அதற்கு முந்திய புளூஸ் இசைத்தொகுதியைச் சுட்டி, "மூலம் இதுதான்" என்பான். இதனைக் காணும் பெரியோர், "பரீட்சை நெருங்குகிறது, இவன் வெள்ளைக்காரன் பாட்டுக் கேட்கிறான்" என்று வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் அன்பு உண்டு. எனினும் அவ்விளைஞர் செய்வது வீண்வேலை என்ற முடிபை யாம் ஏற்கமாட்டோம். ஒருவன் தான் கேட்டதை மற்றவனுக்கு எடுத்துரைப்பதும், "ஏன் பிடித்தது?" என்ற வினாவுக்கு விடை தேடுவதும், ஒரு பாட்டின் மூலத்தை நாடிப் பின்னோக்கிச் செல்வதும் ஆராய்ச்சியின் தொடக்கமேயாம். அதனை நெறிப்படுத்துதலே மூத்தோர் செய்யத்தக்கது.

முதலில் ஓர் ஐயத்தை நீக்குவோம். கிற்றார் நமக்கு முற்றிலும் அயலான கருவியா? நரம்புக் கருவியின் வரலாற்றைத் தமிழிற் பேரளவில் ஆராய்ந்த பெருமகனார் பிறந்த மண் இது. காரைதீவில் 1892ஆம் ஆண்டு தோன்றிய சுவாமி விபுலாநந்தர், மறைந்துபோன யாழைச் சிலப்பதிகாரம் முதலிய பழைய நூல்களின் துணைகொண்டு மீட்டறிய முயன்று, தம் வாழ்நாளின் பல ஆண்டுகளை அதற்கே ஈந்தார். 1947இல் 'யாழ் நூல்' அரங்கேறியது. சில கிழமைகளுள் அவர் இவ்வுலகை நீத்தார். இருபத்தொரு நரம்புடைய பேரியாழையும் ஏழு நரம்புடைய செங்கோட்டியாழையும் பற்றிப் பேசும் மரபுக்கு உரியோர், ஆறு நரம்புடைய ஒரு கருவியைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை.

இன்னும் அணித்தான சான்றுகளும் உள. மட்டக்களப்பில் வாழும் பறங்கியர் தம் திருமண வீடுகளில் ஆடும் கப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு நரம்புக் கருவிகளும் தாளக் கருவிகளும் துணையாகும். அதனோடு உறவுடைய பைலா என்னும் பாடல்வகை இலங்கை முழுவதும் பரவியது. 1970களிலே தமிழ்ப் பொப் பாடல்கள் இலங்கை வானொலியின் வழியே வீடுகள்தோறும் புகுந்தன. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' என்னும் பாடலையும், 2018இல் மறைந்த ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யையும் அறியாத பழைய மாணவர் நம்மிடையே மிகச் சிலரே. அன்று அப்பாடல்களைக் கேட்டுத் தாளமிட்டவர்களே இன்று தம் பேரப்பிள்ளைகளின் கிற்றாரைக் கண்டு முகஞ்சுளித்தல் முறையாகுமா?

இனி, இளைஞர் விரும்பும் இசையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். றொக் இசை மரமெனின், புளூஸ் அதன் ஆணிவேர்களுள் ஒன்று. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே அது பிறந்தது. அடிமைமுறை 1865இற் சட்டத்தால் ஒழிந்த பின்னரும் கடனும் வறுமையும் நிறவேற்றுமையும் அவர்களை அந்நிலத்தோடு பிணித்து வைத்திருந்தன. புளூஸ் பாடலின் யாப்பு மிக எளிது. முதல் அடியைப் பாடுவர். அதனையே மீண்டும் பாடுவர். மூன்றாம் அடியில் அதற்கு விடை பகர்வர். துன்பத்தை ஒருமுறை சொன்னாற் போதாது, இருமுறை சொன்ன பின்னரே மறுமொழி பிறக்கும் என்பது போன்ற அமைப்பு அது. மூன்றாம், ஐந்தாம், ஏழாம் சுரங்கள் சற்றே தாழ்ந்து, சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே வழுக்கி நிற்கும். அவ்வழுக்கலைப் பெறுதற்குச் சிலர் போத்தலின் கழுத்தை விரலில் மாட்டி நரம்பின்மேல் இழுத்து வாசிப்பர். கருநாடக இசையிற் கமகத்தைக் கேட்டுப் பழகிய செவிக்கு இது புதிதன்று. புளூஸ் கிற்றார்க்காரர் பெரிதும் கையாளும் ஐந்து சுர வரிசையை நம் இசையாசிரியர் கேட்பின், சுத்த தன்யாசியின் சுரங்கள் அவையே என்று உடனே கூறுவர். ஐந்து சுரப் பண்களைத் 'திறம்' என்று பெயரிட்டு வகுத்தவர் நம் முன்னோர்.

கேட்கத் தொடங்கும் மாணவர் எங்கிருந்து தொடங்கலாம்? இசையன்பர் தம்முட் கைமாற்றிக்கொள்ளும் இசைத்தொகுதிகளுள் நான்கினை இங்கே சுட்டுவோம்.

முதலாவது, றொபேட் ஜோன்சன் பாடியவை. 1936இலும் 1937இலும் ரெக்சாஸ் மாநிலத்தில் அவர் 29 பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். 1938இல் இருபத்தேழாம் வயதில் இறந்தார். அவருட் சில பாடல்கள் 1961இலே ஒரே இசைத்தட்டாகத் தொகுக்கப்பட்டு வெளிவந்தன. அத்தட்டே இங்கிலாந்தின் இளைஞர் பலருக்குப் பாடநூலாயிற்று. இருவர் வாசிக்கின்றனரோ என்று மயங்குமாறு ஒருவரே பெருவிரலால் அடிச்சுருதியையும் ஏனைய விரல்களால் மேலிசையையும் எழுப்புகின்றார். அதனைக் கேட்டறிதல் செவிக்கு நல்ல பயிற்சி.

இரண்டாவது, பி. பி. கிங் 1964ஆம் ஆண்டு நவம்பரில் சிக்காகோவின் றீகல் அரங்கிற் பாடியதன் ஒலிப்பதிவு, 1965இல் வெளிவந்தது. அவர் பாடும்போது கிற்றாரை வாசியார். பாட்டு நின்றவுடன் கிற்றார் மறுமொழி கூறும். அவையோரின் ஆரவாரமும் ஒலிப்பதிவில் உண்டு. பாடுவோனும் கேட்போரும் ஒருவரையொருவர் தூண்டிச் செல்லும் அந்நிலையை, வில்லிசையும் நாட்டுக்கூத்தும் கண்டு வளர்ந்த நாம் எளிதில் உணரலாம்.

மூன்றாவது, மாலி நாட்டின் அலி பார்க்கா தூரே, அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் றை கூடருடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட 'ரோக்கிங் ரிம்பக்ரு'. நைகர் ஆற்றங்கரையில் வயல் செய்த இப்பெரியார், தம் ஊராகிய நியாபுங்கேயின் நகரபிதாவாகவும் விளங்கி 2006இற் காலமானார். புளூஸ் எங்கிருந்து புறப்பட்டதோ அவ்வாபிரிக்க மண்ணின் குரலை இதிற் கேட்கலாம்.

நான்காவது, சகாரா பாலைநிலத்துத் துவாரெக் மக்களின் இசைக்குழுவாகிய தினாரிவென் 2011இல் வெளியிட்ட 'தசிலி'. அடுத்த ஆண்டு அதற்குக் கிறாமி விருது கிடைத்தது. இக்குழுவின் தலைவர் இப்றாகிம் அக் அல்ஹபீப், தம் தந்தை கொல்லப்பட்டதைச் சிறுவயதிலே கண்டவர். தகரப் பேணியும் தடியும் துவிச்சக்கரவண்டியின் தடைக்கம்பியும் கொண்டு தம் முதற் கிற்றாரைத் தாமே செய்தார் என்பர். ஏதிலிகளாய் அலைந்த மக்களின் ஏக்கமே அவர்தம் இசையின் பொருள்.

மூன்றாவதையும் நான்காவதையும் நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் கரையோரம் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராய் வாழும் பகுதி. 'இவ்விசை நமக்குரியதன்று' என்று கருதும் முஸ்லிம் மாணவனுக்கு இவ்வரலாறு தெரிதல் நன்று. அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆபிரிக்கருள் முஸ்லிம்களும் பலர் இருந்தனர். மேற்காபிரிக்காவிற் கற்றுத் தேர்ந்து, 1807இல் அமெரிக்கக் கரையில் அடிமையாய் இறக்கப்பட்ட ஓமர் இப்னு சயீத், 1831இல் தம் வாழ்க்கை வரலாற்றை அரபு மொழியில் எழுதிவைத்தார். பழைய தொழிற்பாடல்களின் நீண்ட குரலிழைப்புக்கும் பாங்கொலிக்கும் ஒப்புமை உண்டென்று சில்வியான் தியூப் என்னும் வரலாற்றறிஞர் கருதுகின்றார். அக்கருத்து விவாதத்துக்குரியதே, ஆயினும் விவாதிக்கத்தக்க கருத்தொன்றைக் கேட்டறிதலும் கல்வியின் பாற்பட்டதாம்.

இசைக்கருவி கூடாதென்று தம் சமய நெறிப்படி விலகி நிற்போர் நம்மிடையே உளர். அவர்தம் நிலையை நாம் மதித்தல்வேண்டும். எவரையும் வற்புறுத்திக் கேட்பித்தல் தகாது. அதே வேளை, வட மாலியில் ஆயுதம் தாங்கியோர் 2012இல் இசையைத் தடைசெய்தபோது வருந்தி நாடுவிட்ட பாடகரும் தொழுகை தவறாத முஸ்லிம்களே என்பதையும் மறத்தலாகாது. நம்பிக்கையுடையோரிடையே இவ்விடயத்திற் கருத்து வேறுபாடு உண்டு. கேட்போரும் கேளாதோரும் ஒருவரையொருவர் இழிவு செய்யாது வாழ்தலே ஊருக்கு அழகு.

வேறொரு தடையும் எழக்கூடும். "கைத்தொலைபேசியில் எல்லாம் கிடைக்கின்றனவே, கல்லூரி இதற்கு என்ன செய்யவேண்டும்?" என்பர். எல்லாம் கிடைப்பதே இன்றைய இடர். ஒரு பாட்டுப் பாதி முடியுமுன் மற்றொன்று வந்து நிற்கின்றது. முன்னாளில் ஓர் இசைத்தட்டை வாங்குதற்குப் பணம் சேர்த்தவன், அதன் இரு பக்கத்தையும் முற்றாகக் கேட்டான்; உறையில் அச்சிட்டதை எழுத்தெழுத்தாக வாசித்தான்; நண்பனுக்கு இரவல் கொடுத்தான்; அவன் திருப்பிக் கொடுக்கையில் இருவரும் அது பற்றி வாதிட்டனர். பொருள் அருகியிருந்தமையாற் கவனம் பெருகியிருந்தது. இன்று பொருள் பெருகிக் கவனம் அருகிவிட்டது. கவனத்தைப் பயிற்றுதல் கல்லூரியின் வேலையேயாகும்.

இதுகாறும் கூறியவை கேட்போன் பெறும் பயனைப் பற்றியன. நம் கரையோரம் முழுவதும் பெறத்தக்க பயன் ஒன்று உண்டு. அதனைச் சொல்லுதற்கே இத்துணையும் எழுதினோம்.

1927ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மிசிசிப்பி ஆறு பெருகி, அணைகளை உடைத்துக்கொண்டு ஊர்களுட் புகுந்தது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். கறுப்பின மக்களோ அணையைக் காக்கும் வேலைக்குத் துப்பாக்கி முனையில் நிறுத்தப்பட்டனர். அவ்வெள்ளத்தைப் பற்றி அரசினரும் செய்தித்தாளினரும் எழுதியவை பலவாயினும், இன்றும் மக்கள் செவியில் நிற்பவை பாடல்களே. சாளி பற்றன் என்னும் பாடகர் 1929இலே தம் வெள்ளப் பாடலை ஒலிப்பதிவு செய்தார். அதிலே கிறீன்வில், விக்ஸ்பேக் என ஊர்களைப் பெயர் கூறி, எங்குப் போவேன் என்று அலைகின்றார். அதே ஆண்டில் மெம்பிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மக்கோயும் அணை உடைவது பற்றி ஒரு பாடலை ஒலிப்பதிவு செய்தனர். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1971இல், லெட் செப்பலின் என்னும் ஆங்கில றொக் குழுவினர் அப்பாடலைத் தம் நான்காம் இசைத்தொகுதியிற் புதுக்கிப் பாடினர். கல்முனையில் அதனைக் கேட்கும் இளைஞனும், தான் அறியாமலே, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முந்திய ஏழைகளின் அழுகையைக் கேட்கின்றான்.

நம் கரைக்கும் நீர் வந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலை, கடல் எழுந்து ஊர்களை அள்ளிச் சென்றது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் அம்பாறையே மிகுதியான உயிர்களை இழந்தது. மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் அன்று ஒரே அழுகையாய் அழுதன. அந்த நாளைப் பற்றி நம் மக்கள் புனைந்து பாடியவற்றுள் எத்தனை ஒலிப்பதிவில் நிலைத்திருக்கின்றன? அன்று பிறவாத பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். அவர்கள் எதனைக் கேட்டு அந்நாளை அறியப்போகின்றனர்? ஊர் ஊராய்ப் பெயர் கூறிப் பாடிய சாளி பற்றனைக் கேட்கும் மாணவனுக்கு இவ்வினா தானே எழவேண்டும். எழாதாயின் அவனுக்கு எழுப்புதல் ஆசிரியரின் தொண்டு.

நம்மிடம் பாடும் மரபு இல்லாமலும் இல்லை. கிழக்கிலங்கையின் வயற்புறங்களிற் 'கவி' என்னும் நாட்டுப்பாடல் தலைமுறை தலைமுறையாய் வழங்கி வந்தது. காவற் பரணில் இரவைக் கழித்த உழவனும், நெற்குற்றிய பெண்ணும், பிரிந்த கணவனை நினைந்த மனைவியும் நான்கு சிற்றடிகளில் தம் நெஞ்சைத் திறந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் ஊர்களில் ஏறக்குறைய ஒரே மெட்டிற் பாடினர். அதற்குக் கருவி வேண்டுவதில்லை; குரலே போதும். ஆதலின் இசைக்கருவியை விலக்கி நிற்போருக்கும் அது திறந்த வாயிலே. நிந்தவூர் எழுத்தாளர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டி அச்சேற்றினார். அவர்தம் தொண்டு போற்றத்தக்கது. ஆயினும் அச்சு சொல்லைக் காக்கும், குரலைக் காக்காது. மெட்டும், இழுப்பும், அடியின் ஈற்றிலே விடும் பெருமூச்சும் பாடுவோருடன் மறைந்துவிடும். பாடத் தெரிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

புளூஸ் வரலாற்றில் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1941ஆம் ஆண்டு, நாட்டார் பாடல் திரட்டுநராகிய அலன் லோமாக்ஸ், ஒலிப்பதிவுக் கருவியுடன் மிசிசிப்பியின் பருத்தித் தோட்டமொன்றுக்குச் சென்றார். அங்கே உழைத்துக்கொண்டிருந்த மக்கின்லி மோகன்பீல்ட் என்பாரைப் பாடச் செய்து பதிந்தார். தம் குரலை இயந்திரத்திற் கேட்ட அவருக்கு, தம்மாலும் பாட இயலும் என்ற துணிவு அப்போதே பிறந்தது. 1943இற் சிக்காகோ நகர் சென்று மின் கிற்றாரைக் கையேந்தினார். அவரே மடி வோட்டர்ஸ் என உலகறிந்த பாடகர். அவர் 1950இல் வெளியிட்ட பாட்டொன்றின் பெயரைத்தான் 1962இல் தோன்றிய றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் தமக்குச் சூட்டிக்கொண்டனர். ஒருவன் தன் குரலைத் தானே கேட்டமையால் விளைந்த பயன் எத்துணைப் பெரிது! ஊருக்கும் அஃது ஒக்கும். தன் குரலைக் கேளாத ஊர், பிறர் குரலைக் கேட்டே காலங்கழிக்கும்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாரிடமும் கல்லூரி ஆசிரியரிடமும் ஒரு விண்ணப்பம் வைக்கின்றோம். மாதம் ஒருமுறை, ஒரு மாலை, 'கேட்போர் கூடம்' ஒன்று நடைபெறுக. ஒரு மாணவன் தான் விரும்பும் இசைத்தொகுதியொன்றைக் கொணர்ந்து, பாடியவர் யார், எங்கே, எப்போது, எந்நிலையிற் பாடினார் என்பதைப் பத்து நிமிடத்திற் கூறுக. பின்னர் யாவரும் பேச்சின்றி அதனை முழுவதும் கேட்கட்டும். அதன் பின் வாதம் நிகழட்டும். றொக்காயினும் புளூஸாயினும் தேவாரமாயினும் கஸீதாவாயினும் தடையில்லை. முழுவதும் கேட்கவேண்டும் என்பதே விதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அண்டை ஊர்களிலிருந்து பாடத் தெரிந்த முதியவர் ஒருவரை அழைத்து, அவர் பாடும் கவியை மாணவரே ஒலிப்பதிவு செய்க. பாடியவர் பெயர், ஊர், நாள், அப்பாட்டை அவர் யாரிடம் கற்றார் என்ற விபரம் ஆகியவற்றை எழுதி, அவர் சம்மதத்துடன் நூலகத்திற் சேர்த்து வைக்க. இதற்கு வேண்டும் கருவி ஒவ்வொரு மாணவன் சட்டைப்பையிலும் இருக்கின்றது. வேண்டும் பணமோ தேநீர்ச் செலவளவே.

இம்முயற்சியை ஒரே கல்லூரி தனித்துச் செய்தல் வேண்டா. கல்முனையில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவரும் கூப்பிடு தூரத்திற் கல்விச்சாலைகளை நடத்துகின்றனர். எல்லைகளைப் பற்றிய பிணக்குகள் ஆண்டுகள் பலவாக நீள்கின்றன. அவற்றைத் தீர்த்தல் பள்ளி மாணவரால் ஆகக்கூடியதன்று. ஓர் அறையில் இருந்து ஒரு பாட்டைச் சேர்ந்து கேட்டல் அவர்களால் ஆகும். பாண்டிருப்பின் மூதாட்டி ஒருத்தியும் மருதமுனையின் மூதாட்டி ஒருத்தியும் ஒரே மெட்டிற் பாடக் கேட்ட மாணவன், அண்டை ஊரை அயலூரென்று எண்ணத் தயங்குவான். அத்தயக்கம் சிறிதேயாயினும் நம் கரைக்கு அது பெரும்பேறு.

கிற்றார் பயிலும் மாணவர்க்கும் ஒரு சொல். நீங்கள் கேட்பதைக் கேளுங்கள், ஒருவருக்கொருவர் சொல்லுங்கள், மூலத்தைத் தேடிச் செல்லுங்கள். தேடிச் சென்றால், நீங்கள் போற்றும் பெருங்கலைஞர் யாவரும் தத்தம் ஊரின் முதியோரிடம் கேட்டுக் கற்றவர்களே என்பதைக் காண்பீர்கள். உங்கள் ஊரிலும் முதியோர் உளர். அவர்கள் பாடும் காலம் நெடிதன்று. வருகின்ற மாதமே கேட்கச் செல்லுங்கள்.